பச்சை ஜீப்பும் பண்பொழி ஜீப்பும்

எங்கள் கையில் இருந்தது இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். அதற்குள் ஒரு பழைய ஜீப் வாங்க வேண்டும். ஆனி பிறந்து சாரல் விழும்போது அது ரோட்டில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தப்பான வண்டியை வாங்கிவிட்டால் இன்னொன்று வாங்க வழியில்லை. அறுபதுகளின் நடுவில் ஒரு வைகாசி மாதம், எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

வீடு என்றால் அண்ணன், மதினி, நான், மூன்று பேர்தான். அண்ணனுக்குக் குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிற வேலை. அருவிக்குப் போகிற வழியில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு, சாரல் காலத்தில் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை குனிந்த தலை நிமிரமாட்டான். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதம்தான் அந்தக் கூட்டம். அப்புறம் ஐயப்பன் கோயிலுக்குப் போகிறவர்கள் வரும்போது கொஞ்சம். மற்ற மாதங்களில் அருவி வெறும் பாறையாகத் தெரியும். அண்ணன் வாழைத்தார் சுமக்கப் போவான்.

அந்தப் பலகை வருமானத்தில்தான் நான் தென்காசியில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அண்ணன் கைநாட்டு. படிப்பு முடிந்ததும் ஒரு மரக்கடையில் கணக்கெழுதச் சேர்ந்தேன். கடை லாரியின் டிரைவரைக் கெஞ்சிக் கூத்தாடி வண்டி ஓட்டப் பழகி, லைசென்சும் எடுத்தேன். ரயிலை விட்டு இறங்கும் குடும்பங்கள் குற்றாலம் போகக் குதிரை வண்டிக்காக ஸ்டேஷன் வாசலில் அடித்துக்கொள்வதைத் தினமும் பார்த்தேன். ஒரு ஜீப் இருந்தால் சாரலில் ஆட்களை ஏற்றலாம், மற்ற மாதங்களில் வாழைத்தார் ஏற்றலாம் என்று தோன்றியது. யோசனை என்னுடையது. பணம் அண்ணனும் மதினியும் ஆறு சாரலாகச் சீட்டுப் போட்டுச் சேர்த்தது.

அதனால் நான் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். நூலகத்தில் மோட்டார் வண்டிகளைப் பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய வண்டியில் பார்க்க வேண்டிய விஷயங்கள் என்று பதினெட்டை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதினேன். எஞ்சின் சூடில்லாதபோது எப்படிக் கிளம்புகிறது, புகை என்ன நிறம், ஸ்டியரிங்கில் ஆட்டம் எவ்வளவு என்று போகும் அந்தப் பட்டியல். மதினி அதை எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்கப் போறவங்ககூட இத்தன கேள்வி கேக்கமாட்டாங்க தம்பி" என்றாள்.

முதலில் பார்த்த ஜீப் பச்சை. தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற ரோட்டில், ஒரு தரகர் தகரக் கொட்டகைக்குள் நிறுத்தியிருந்தார். பட்டாளத்தில் ஏலம் விட்ட வண்டி. புதிதாகப் பெயின்ட் அடித்து, இளநீர்க்காய்போல் பளபளத்தது. மேலே புது கான்வாஸ் ஹூட். டயர்களில் கறுப்பு மை பூசியிருந்தார்கள். தரகர் கையிலிருந்த குடையால் டயரைத் தட்டி, "பாத்துக்கிடுங்க, புதுமாப்பிள்ள மாதிரி இருக்கான்" என்றார். இரண்டாயிரத்து நானூறு சொன்னார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, இருநூறு குறைத்துத் தருவதாகவும் சொன்னார். நாங்கள் வைத்திருந்த தொகை அதேதான்.

நான் நோட்டைத் திறந்தேன். சாவியைப் போட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தொட்டுப் பார்த்தபோது முன்பே சூடாக இருந்ததைக் கவனித்தேன்.

"காலையிலதான் ஒரு ஓட்டம் போயிட்டு வந்துது" என்றார் தரகர்.

சரி என்று ஒரு டிக் போட்டேன். புகை சரி. விளக்கு சரி. ஆர்.சி. புத்தகத்தில் எண்கள் சரி. பதினெட்டில் பதினேழு தேறிவிட்டது. பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படி மார்க் எடுத்ததில்லை.

அண்ணன் அதுவரை வண்டியையே சுற்றி வந்துகொண்டிருந்தான். "நான் அடியில ஒரு தடவ பாக்கட்டா?" என்று கேட்டான். கேட்டபடியே மடியிலிருந்த சின்னக் குப்பியை எடுத்து, உள்ளங்கையில் எண்ணெய் விட்டுத் தேய்த்துக்கொண்டான். எதைத் தடவிப் பார்ப்பதென்றாலும் அவன் கை முதலில் எண்ணெயைத்தான் தேடும். அது அவனுக்குப் பழகிப்போய்விட்டது. சாக்கை விரித்து, மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தான்.

தரகர் சிரித்துவிட்டார். "என்னவே, வண்டிக்கு எண்ணெய் தேய்க்கவா வந்தீரு? சக்கரத்துக்கு நாலணாதான் தருவேன், சொல்லிட்டேன்."

கொட்டகையில் நின்ற இரண்டு மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அண்ணனின் கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பலகையில் படுக்கிற ஆளின் முதுகில் இரண்டு தடவை கை ஓடியதும், "பெரியவரே, சின்ன வயசுல மரத்துலருந்து விழுந்தியளோ?" என்பான். அவர் எழுந்து உட்கார்ந்து, "ஒமக்கு யாருவே சொன்னா?" என்று கேட்பார். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று கொட்டகையில் அது என் நினைவுக்கு வரவில்லை.

அவன் வெளியே வந்து, என்னை ஓரமாகக் கூப்பிடாமல், எல்லாருக்கும் கேட்கிறபடியே சொன்னான்: "தம்பி, இதுக்கு ஒரு தடவ இடுப்பு ஒடிஞ்சிருக்குலே. வலப்பக்கம், பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால. ஒடிஞ்ச எலும்பு கூடின மாதிரி புடைச்சுக்கிட்டு நிக்குது. பத்தவச்சு மேல பெயின்ட அடிச்சிருக்கான்."

"பட்டாளத்து வண்டிவே. அங்கன கொஞ்சம் புடைப்பாத்தான் இருக்கும்" என்றார் தரகர் சிரிப்பு மாறாமல். "தம்பி படிச்ச புள்ள. நீங்க பாத்துச் சொல்லுங்க."

நான் குனிந்து பார்த்தேன். பச்சைப் பெயின்ட் மட்டும்தான் தெரிந்தது. என் பதினெட்டில் அடிச்சட்டம் என்ற விஷயமே இல்லை. நிமிர்ந்து, எல்லார் முன்னாலும் அண்ணனிடம் சொன்னேன்: "நீ சும்மா இருண்ணே. இது என்ன மனுச ஒடம்பா? தெரியாத விசயத்துல வாயக் குடுக்காத."

அண்ணன் தோள் துண்டால் ஒவ்வொரு விரலாகக் கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றான். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆள் தயாராக இருப்பதாகத் தரகர் சொன்னார். வீட்டுக்கு மூன்று மைல். பாதி வழி தாண்டிய பிறகுதான் அண்ணன் வாயைத் திறந்தான்.

"ஒனக்குப் பிடிச்சா வாங்கிருலே. ஓட்டப்போறது நீதான?"

நான் அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நான் சொன்னது சரி என்றுதான் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

புதன்கிழமை மரக்கடை டிரைவர் இன்னொரு ஜீப்பைப் பற்றிச் சொன்னார். பண்பொழியில், கொழும்பில் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு பாய் விற்கிறார், விலை ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்றார். வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு அண்ணனையும் அழைத்துக்கொண்டு போனேன். கூப்பிட்டதும் வந்தான்.

அந்த ஜீப் புளியமரத்தடியில் நின்றது. அதற்கு என்ன நிறம் என்று சொல்வது கஷ்டம். பெயின்ட் உரிந்து, ஹூட் கிழிந்து, உட்காரும் இடத்தில் தேங்காய் நார் பிதுங்கிக்கொண்டிருந்தது. பாய் சாவியைக் கொடுக்குமுன் தானாகவே ஆரம்பித்தார்.

"தம்பி, நான் சொல்லிருதேன். ஸ்டார்ட்டரு வேல செய்யாது, ஹேண்டில் போட்டுத்தான் கிளப்பணும். எடப்பக்க லைட்டு எரியாது. பின்னால ரெண்டு டயரும் இந்த மழக்காலத்தத் தாங்கும், அடுத்ததத் தாங்காது. பிரேக்க மிதிச்சா கத்தும். வேற என்ன… ஆங், மழை பேஞ்சா உள்ள இருக்கவன் கொட பிடிக்கணும்."

"நல்லது ஏதாச்சும் இருக்கா மொதலாளி?" என்று அண்ணன் கேட்டான்.

"என்னய எங்கயும் வழியில எறக்கி விட்டதில்ல" என்றார் பாய்.

நோட்டில் ஒன்பது பெருக்கல் குறி விழுந்தது. ஆனால் ஹேண்டிலைப் போட்டு இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது, அதுவும் காலையிலிருந்து சும்மா கிடந்த எஞ்சின். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரும் வண்டியில் வெட்டியிருந்த நம்பரும் ஒத்துப்போகவில்லை. அதைக் காட்டியதும் பாய் நெற்றியில் தட்டிக்கொண்டார். மூன்று வருடம் முன்பு எஞ்சினை மாற்றியதைப் புத்தகத்தில் ஏற்ற மறந்துவிட்டாராம். உள்ளே போய்ப் பெட்டியைத் துழாவி ரசீதைக் கொண்டுவந்தார். திருநெல்வேலி ஆபீசுக்கு மனு எழுதினால் சரியாகிவிடும், நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

"படிச்ச புள்ளயக் கூட்டிட்டு வந்திருக்கீரு" என்றார் பாய் அண்ணனிடம். அண்ணன் முகம் அந்த ஒரு கணம் மலர்ந்தது.

பிறகு அவன் அடியில் போனான். பச்சை ஜீப்புக்கு அடியில் கிடந்ததைவிட அதிக நேரம் கிடந்தான். வெளியே வந்ததும், "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? மனுச ஒடம்பா?" என்றான்.

பாய் ஒரு நாள் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொன்னார். மாட்டை வாங்குகிறவன் ஒரு நாள் ஏரில் பூட்டிப் பார்ப்பதில்லையா, அதுபோலத்தான் என்றார். குற்றாலம் வரும்வரை பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் ஜீப் கத்தியது. இலஞ்சிக்கு ரோடு பிரிகிற விலக்கில் ஒரு நாய் பயந்து வாய்க்காலில் குதித்தது. மதினி வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இதுவா? கோழிக்கூடு மாதிரில்லா இருக்கு. எதுக்கு இந்தக் கத்து கத்துது?"

"பிரேக்கு காஞ்சு போயிருக்கு மதினி, அதான்" என்றேன். புத்தகத்தில் அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. படித்தவன் எதற்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவைத்ததுதான். சொல்லிவிட்டு, பாய்க்குத் தர வேண்டிய மனுவை எழுத உட்கார்ந்துவிட்டேன். மனதுக்குள் இன்னும் பச்சை ஜீப்தான் நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் வண்டிக்குப் பாரம் ஏற்றிப் பார்ப்பதற்காக, அண்ணனோடு எண்ணெய் தேய்க்கிற நான்கு பேரைப் பின்னால் உட்காரவைத்து ஐந்தருவிக்கு விட்டேன். அண்ணன் என் பக்கத்தில். போகிற வழி ஏற்றம், பிரேக்குக்கு அதிகம் வேலையில்லை. ஒரு வளைவில் லேசாகக் கால் வைத்தபோது சத்தமே வரவில்லை.

"பாத்தியாண்ணே, கத்து நின்னுட்டு" என்றேன். அண்ணன் வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் சந்தோஷமாக இருந்தான் என்பது தெரிந்தது.

ஆறு ஆளோடு ஜீப் திணறாமல் ஏறியது. எஞ்சின் நல்ல எஞ்சின். திரும்பி இறங்கும்போதுதான் தெரிந்தது. வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். மிதி கல்போல் நின்றது, வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன். வெண்ணெய்மேல் வழுக்குகிறமாதிரி வேகம் கூடியது. பின்னாலிருந்து ஒருவர், "ஏலே, மெதுவா போலே! பொண்டாட்டி புள்ள இருக்கு!" என்று கத்தினார். கியரைக் குறைத்தேன். ஹேண்ட் பிரேக்கை நான் இழுக்க, அண்ணனும் இரண்டு கையாலும் சேர்ந்து இழுத்தான். ரோட்டு வேலைக்காகக் குவித்திருந்த மணலில் மூக்கைப் புதைத்துக்கொண்டு ஜீப் நின்றது. யாருக்கும் அடியில்லை. கத்தியவர் வேட்டி மட்டும் எங்கோ மாட்டிக் கிழிந்திருந்தது.

ரோட்டோரத்தில் உட்கார்ந்து நோட்டை எடுத்து, பண்பொழி ஜீப்பின் பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு கிழித்தேன்.

"பிரேக்கே இல்லாத வண்டியத் தலையில கட்டப் பாத்திருக்காரு. கொன்னிருப்பாருண்ணே நம்மள. எல்லாத்தையும் சொல்லுதேன் சொல்லுதேன்னு சொல்லி, இத மறைச்சிருக்காரு. இன்னைக்கே போயி பச்சைய முடிச்சிருவோம்."

அண்ணன் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்படியே சொன்னான்: "அவர ஏசாதலே."

"வேற யார ஏச?"

"என்னய ஏசு. நான்தான் எண்ணெய் போட்டேன்."

எனக்கு விளங்கவில்லை. "எதுல?"

"பிரேக்குலதான். நேத்து நீ மனு எழுதிக்கிட்டு இருந்தேல்லா, அப்ப. காஞ்சு போயிருக்குன்னு சொன்னீயே. சக்கரத்துக்கு உள்பக்கம் ஒரு இடுக்கு இருக்கு. கோழி எறக எடுத்து, நல்லெண்ணெயத் தொட்டுத் தொட்டு ஊத்தினேன். நாலு சக்கரத்துக்கும்."

பின்னால் நின்ற நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வேட்டி கிழிந்தவர் கேட்டார்: "சீயக்கா போட்டீரா?"

அவ்வளவுதான். நான்கு பேரும் மணலில் விழுந்து சிரித்தார்கள். "எண்ணெ தேய்ச்சா அருவியில காட்டணும்லாவே, அப்படியே விட்டா வழுக்கத்தானே செய்யும்" என்றார் ஒருவர். அண்ணன் சிரிக்கவில்லை. நான் கொட்டகையில் சொன்ன மாதிரி இப்போதும் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குக் கோபம் வராமலில்லை. ஆனால் அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், பழி பாய்மேல் போயிருக்கும். நாங்கள் பச்சையை வாங்கியிருப்போம். நாலு பேர் முன்னால், அதுவும் தன்னோடு வேலை செய்கிற ஆட்கள் முன்னால், கேலியைத் தானே தன்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். காய்ந்து போயிருக்கிறது என்று தெரியாமல் சொன்னவனும் நான்தான்.

"எதுக்குண்ணே போட்ட?" என்றேன்.

"கத்து நின்னா ஒனக்கு இத பிடிக்குமேன்னுதான்."

"ஒனக்குப் பிடிச்சிருக்கா?"

அவன் தோள் துண்டை எடுத்து உதறினான். நான் எழுந்து அவன் பக்கத்தில் போய், மற்றவர்களுக்கும் கேட்கிறபடியே கேட்டேன்: "அன்னைக்கு நான் பேசினது தப்புண்ணே. அடியில என்ன பாத்த? சொல்லு."

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "முதுகுத்தண்டு நேரா இருக்குலே. தலைலருந்து கால் வரைக்கும் ஒடிவே கிடையாது. முன்னால எடப்பக்கம் ஒரு சின்னப் பள்ளம், அது கல்லு பட்டது. மேலதான் சொறி சிரங்கு. உள்ளுக்குள்ள நல்ல ஒடம்பு."

"பச்சை?"

"அது பாரத்துக்கு ஆகாது. ஏத்தத்துல ஏறும்போது அதே எடத்துல மறுபடியும் விடும்."

அன்று பச்சை ஜீப்பைப் பார்க்க நான் போகவில்லை. பெயின்டைச் சுரண்டிப் பார்க்கவும் இல்லை. அந்தப் புடைப்பு உண்மையிலேயே முறிவுதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை யார் வாங்கினார்கள் என்றும் தெரியாது. இருந்தாலும் அந்த மணல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றபோதே எனக்கு முடிவாகிவிட்டது.

ஜீப்பை ஹேண்ட் பிரேக்கிலும் முதல் கியரிலுமாக ஊர்ந்து ஊர்ந்து தென்காசியில் ஒரு ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"நல்லெண்ணெ மாதிரில்லா இருக்கு?"

"நல்லெண்ணெய்தான்" என்றான் அண்ணன். "செக்குல ஆட்டினது."

பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தணலில் வாட்டி மாட்டினார். மூன்று மாதம் தாங்கும், சாரல் முடிந்ததும் புதுசு போட்டுவிட வேண்டும் என்றார். ஒர்க்ஷாப் வாசலில் பிரேக்கை மிதித்தேன். பழைய கத்தல் அப்படியே திரும்பி வந்தது. வண்டி டக்கென்று நின்றது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

பாயிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். அவர் சிரித்துச் சிரித்து வெற்றிலைச் சாற்றைச் சட்டையில் சிந்திவிட்டார். "இத்தன வருசத்துல இந்த வண்டிக்கு எவனும் எண்ணெ தேய்ச்சு விட்டதில்ல. நல்ல வீட்டுக்குத்தான் போகுது" என்றார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு முடிந்தது. மிச்சம் முந்நூற்றில் ஹூட் தைத்து, பின்டயர் மாற்றினோம். நோட்டில் பத்தொன்பதாவதாக ஒன்றை எழுதினேன்: அண்ணன் அடியில் போய்ப் பார்க்க வேண்டும்.

வாடகைக்கு ஓட்ட பர்மிட் வந்தபோது ஆனி பாதி ஆகிவிட்டது. மலை தெரியவில்லை, தூறல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. மதினி வண்டிக்குச் சந்தனம் வைக்க வந்தாள். அண்ணன் முன்சக்கரத்தை மறைத்துக்கொண்டு நின்றான்.

"ஏட்டி, கையில எண்ணெ இல்லையே? கழுவிட்டு வா."

"ஊரெல்லாம் சிரிச்சும் புத்தி வந்திருக்கே, அதுவே போதும்" என்று சொல்லிக்கொண்டே மதினி அவன் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தாள்.

அன்று பலகையை எடுக்காமல் அண்ணனும் என்னோடு வந்தான். தென்காசி ஸ்டேஷன் வாசலில் பிரேக் கத்தக் கத்த வண்டியை நிறுத்தினேன். குதிரைகள் காதை விடைத்தன. ரயிலிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, இரண்டு பெண்கள், ஒரு பெரிய படுக்கைச் சுருட்டு. அந்த அப்பா ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இந்தக் கத்து கத்துதே, பிரேக்கு இருக்கா தம்பி?"

நான் என் பதினெட்டிலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன் படுக்கையை வாங்கித் தோளில் வைத்துவிட்டான்.

"கத்துத வரைக்கும் இருக்கு அண்ணாச்சி. ஏறுங்க, அருவியில நல்ல தண்ணி விழுது."